வீட்டு நெட்வொர்க்குக்கு என்ன பெயர் வைப்பது: செந்தூல் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் அப்பாவின் இரண்டு மாடி வரிசை வீடு. அதில் ஒரு மினி கணினி, கோப்புகளைச் சேர்த்து வைக்கும் நாஸ் பெட்டி ஒன்று, நான்கு சிசிடிவி கேமராக்கள், ஒரு பிரிண்டர், இரண்டு மடிக்கணினிகள், ஆளுக்கொரு கைப்பேசி. கருவிகளின் நெட்வொர்க் முகவரிகளான ஐபி எண்களை மனப்பாடம் செய்து அலுத்துவிட்டது, பெயர் வைக்க வேண்டும். டாட் ஹோம் வைக்கலாமா, டாட் லோக்கலா, சொந்த டொமைன், அதாவது நம் பேரில் பதிவு செய்த இணையப் பெயர், வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். கூடவே, அம்மா தன் டேப்லெட்டில் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்க்க வேண்டும், அவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அம்மாவால் நினைவில் வைத்துத் தட்ட முடியாத பெயரை எவ்வளவு முறைப்படி வைத்தாலும் யாருக்கும் பயனில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த டொமைன் இல்லையென்றால் ஹோம் டாட் ஆர்ப்பாவைப் பயன்படுத்துங்கள். சொந்த டொமைன் ஏற்கெனவே இருந்தால், ஆண்டுதோறும் தவறாமல் அதைப் புதுப்பிக்கும் ஆளும் வீட்டில் இருந்தால், அதற்குக் கீழே வீட்டுக்கென்று ஒரு கிளைப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். டாட் லோக்கலை நீங்களாக எதற்கும் வைக்காதீர்கள். டாட் ஹோம் வேண்டவே வேண்டாம். நான் இங்கே தமிழில் எழுதும் இந்தப் பெயர்களையெல்லாம் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். ஹோம் என்பது எச், ஓ, எம், இ. ஆர்ப்பா என்பது ஏ, ஆர், பி, ஏ.

நம் வீட்டுக்குள் நாமே வைத்துக்கொள்ளும் பெயர்தானே, யாருக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பெயர் வீட்டுக்குள்ளேயே நிற்பதில்லை. வீட்டில் நாஸ் டாட் ஹோம் என்று பழகிய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் உணவுக்கடைக்கு, போகிறீர்கள். தே தாரிக் தேநீர் வருவதற்குள் கணினி அந்தக் கடையின் வைஃபையில் இணைந்துவிடும். இணைந்ததும், பின்னணியில் ஓடும் காப்புநகல் மென்பொருள் தன் நாஸைத் தேடும். கடையின் ரௌட்டருக்கு அந்தப் பெயர் தெரியாது. அது பெயருக்குரிய ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம், அதாவது இணையச் சேவை நிறுவனத்தினுடையதிடம், கேட்கும். அதற்கும் தெரியாவிட்டால் கேள்வி எல்லாப் பெயருக்கும் தலைமையான வேர் சர்வர் வரை போய்விடும். இப்படி வீடுகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் கசிந்து வேர் சர்வர்களில் குவிந்த பெயர்களில் டாட் ஹோமும் டாட் கார்ப்பும் முன்வரிசையில் இருப்பதாக இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்புக்காக 2013இல் செய்த ஆய்வு காட்டியது.

அதற்கு முந்திய ஆண்டுதான், 2012இல், டாட் காம் போல முகவரியின் கடைசியில் வரும் உயர்நிலைப் பெயர்களில் புதியவற்றுக்கு ஐக்கான் விண்ணப்பம் வாங்கியது. வந்தவை 1930. டாட் ஹோமுக்கும் பல நிறுவனங்கள் விண்ணப்பித்திருந்தன. அவர்களில் ஒருவருக்கு அது கிடைத்திருந்தால், உங்கள் மடிக்கணினி மாமாக் கடையிலிருந்து கேட்கும் கேள்விக்கு யாரோ ஒருவருடைய சர்வர் பதில் சொல்லியிருக்கும், உங்கள் கணினியும் கடவுச்சொல்லோடு அதன் கதவைத் தட்டியிருக்கும். இந்த ஆபத்தைக் கருதித்தான் டாட் ஹோம், டாட் கார்ப், டாட் மெயில் மூன்றையும் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக ஐக்கான் 2018 பிப்ரவரியில் முடிவெடுத்தது. நிறுத்திவைத்தார்கள் என்பதற்காக அது வீட்டு உபயோகத்துக்குத் தரப்பட்டதாக ஆகாது. அது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாப் பெயருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் சோதனைக் கணினிக்கு விருப்பமாக வைத்திருந்த டாட் டெவ் கூகுளுக்குப் போனது. 2017 டிசம்பரில் வந்த குரோம் உலாவியின் 63ஆம் பதிப்பு, டாட் டெவ் முழுவதும் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் திறக்காது என்று கட்டாயமாக்கியது. ஒரே இரவில் பலருடைய சோதனைத் தளங்கள் உலாவியில் திறக்காமல் போயின. ஜெர்மனியில் பெரும்பாலும் காணப்படும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரௌட்டர்களின் அமைப்புப் பக்கத்துக்கு வருடக்கணக்காக ஃப்ரிட்ஸ் டாட் பாக்ஸ் என்றே முகவரி. 2024 தொடக்கத்தில் டாட் பாக்ஸ் பொதுவிற்பனைக்கு வந்ததும் வெளியாள் ஒருவர் அந்தப் பெயரைப் பதிவு செய்துவிட்டார். ரௌட்டர் செய்த நிறுவனம் முறையிட்டுத்தான் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த விண்ணப்பச் சுற்று 2026இல் என்று ஐக்கான் அறிவித்திருக்கிறது. இன்று ஆளில்லாமல் கிடக்கும் பெயர் நாளை யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்று, அந்தப் பெயர் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், யாருக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எதுவும் இரவல்தான். ஓப்பன்டபிள்யூஆர்டி ரௌட்டர்களில் இயல்பாக வரும் டாட் லேன் கூட இரவல் கணக்கில்தான் சேரும். இன்றுவரை அது தொல்லை கொடுத்ததில்லை, ஆனால் ஒதுக்கப்பட்ட பட்டியலிலும் அது இல்லை.

டாட் லோக்கலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் பேர் விழும் பள்ளம் அது. டாட் லோக்கல் ஒதுக்கப்பட்ட பெயர்தான், 2013 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 6762 அதை ஒதுக்கியது. (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் நடைமுறைகளைச் சொல்லும் எண்ணிட்ட ஆவண வரிசை.) ஆனால் ஒதுக்கியது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்ற தனி ஏற்பாட்டுக்கு. அதில் நடுவில் சர்வர் கிடையாது. பிரிண்டரைத் தேடும் கணினி, “இந்தப் பெயர் யாருக்கு?” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூவும், பிரிண்டர் “எனக்கு” என்று தானே பதில் சொல்லும். ஆப்பிள் இதை போன்ஜோர் என்று அழைக்கிறது, லினக்ஸில் அவாஹி. இது நல்ல ஏற்பாடு, அதன் வேலையை அதுவே செய்யட்டும். நீங்கள் உங்கள் டிஎன்எஸ் சர்வரில் டாட் லோக்கல் என்று ஒரு மண்டலம், அதாவது பெயர்ப் பட்டியல், திறந்தால் இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று மோதும். ஒரு கணினி கூவிப் பார்க்கும், இன்னொன்று சர்வரைக் கேட்கும், மூன்றாவது கூவிவிட்டுச் சில விநாடி காத்திருந்து பிறகு சர்வரைக் கேட்கும்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதை நேரிலேயே அனுபவித்தேன். விண்டோஸ் சர்வர்களுக்கு டாட் லோக்கல் என்று வைத்திருந்தார்கள். அந்நாளில் அது வழக்கம்தான், மைக்ரோசாஃப்டின் ஸ்மால் பிசினஸ் சர்வரே அதை இயல்பாக முன்வைத்தது. பிறகு வடிவமைப்புப் பிரிவுக்கு ஆப்பிளின் மேக் கணினிகள் வந்தன. சில நேரம் கோப்புறை திறக்கும், சில நேரம் திறக்காது. கேபிளை மாற்றினோம், சுவிட்சை மாற்றினோம். குற்றம் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அதன்பின் பெயரை மாற்றுவது அதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது, ஏனென்றால் அந்தப் பெயர் அதற்குள் நூற்றுக்கணக்கான அமைப்புகளில் வேர் விட்டிருந்தது. ஆகவேதான் முதல் நாளே சரியாக வையுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஹோம் டாட் ஆர்ப்பா. பார்த்தால் அழகில்லாத பெயர்தான். ஆனால் வீட்டு நெட்வொர்க்குக்கென்றே, உலகத்தில் எந்த வீடும் பயன்படுத்தலாம் என்று, 2018 மே மாதம் ஆர்எஃப்சி 8375 இதை ஒதுக்கியது. அதற்கு முன் 2016இல் வந்த இன்னொரு ஆவணம் வீட்டுக்கு டாட் ஹோமைச் சொல்லியிருந்தது, அந்தத் தவற்றைத் திருத்த வந்ததுதான் இது. டாட் ஆர்ப்பா இணையத்தின் முன்னோடியான பழைய ஆர்பாநெட் காலத்துப் பெயர். இப்போது இணையத்தின் அடிக்கட்டமைப்புக்காக வைத்திருக்கிறார்கள், யாருக்கும் விற்க மாட்டார்கள்.

இதில் வெளியே தெரியாத நுட்பம் ஒன்றும் இருக்கிறது. வேர் சர்வர்களின் பட்டியலான வேர் மண்டலம் 2010இல் டிஎன்எஸ்செக் கையொப்பம் பெற்றது, பதில் போலி இல்லை என்று காட்டும் மின்கையொப்பம் அது. ஒரு பெயர் இல்லையென்றால் “இல்லை” என்பதையும் அது கையொப்பத்தோடு சொல்லும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் கணினி, “வேர் இல்லை என்கிறது, வீட்டு சர்வர் மட்டும் இருக்கிறது என்கிறதே” என்று உங்கள் பதிலைத் தள்ளிவிடலாம். ஹோம் டாட் ஆர்ப்பாவுக்கு மட்டும் வேண்டுமென்றே கையொப்பமில்லாத ஒரு கிளை திறந்து வைத்திருக்கிறார்கள், அதனால் உங்கள் வீட்டுப் பதில் பொய்யாகத் தெரியாது. 2024 ஜூலை 29இல் ஐக்கான் தனியார் உபயோகத்துக்கென நிரந்தரமாக ஒதுக்கிய டாட் இன்டர்னலுக்கு இந்த ஏற்பாடு இல்லை. மற்றபடி டாட் இன்டர்னலும் பாதுகாப்பான பெயரே. ஓசையும் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்றால் நான் தடுக்க மாட்டேன். சாதாரண வீட்டில் டிஎன்எஸ்செக் சிக்கல் வருவது அரிது.

சொந்த டொமைன் என்றால், டாட் காமிலோ மலேசியாவின் டாட் மையிலோ வருடக் கட்டணம் கட்டி வாங்கலாம். டாட் மை முழுவதையும் நிர்வகிப்பது மைநிக். அதன்கீழ் நேம் டாட் மை தனிநபர்களுக்கென்றே இருக்கிறது. சொந்த டொமைனின் பெரிய லாபம், தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ். உலாவிகள் நம்பும் சான்றிதழ் நிறுவனங்கள் 2015 நவம்பருக்குப் பிறகு உள்வீட்டுப் பெயர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதை நிறுத்திவிட்டன. அதனால் ஹோம் டாட் ஆர்ப்பாவுக்கும் டாட் இன்டர்னலுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் தரும் இலவசச் சான்றிதழ் கிடைக்காது. நீங்களே ஒரு வேர்ச்சான்றிதழ் செய்து ஒவ்வொரு கருவியிலும் ஏற்ற வேண்டும். சொந்த டொமைன் இருந்தால், டிஎன்எஸ்ஸில் ஒரு வரி எழுதிக் காட்டியே சான்றிதழ் வாங்கலாம், சர்வரை இணையத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. அப்படி வாங்கும்போது மறக்காமல் எல்லாக் கருவிகளின் பெயருக்கும் ஒன்றாகவே பொருந்தும், நட்சத்திரக் குறியுள்ள வைல்டுகார்டு சான்றிதழாக வாங்குங்கள். வெளியிடப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் அங்கே தேடலாம். சிசிடிவி, நாஸ் என்று தனித்தனியாக வாங்கினால் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஊருக்கே பட்டியல் போட்டுக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

வீட்டுக்கு முழு டொமைனையும் கொடுக்காதீர்கள், ஒரு கிளையை மட்டும் கொடுங்கள். உங்கள் டொமைனுக்கு முன்னால் ஹோம் என்றோ, மலாயில் வீடு என்று பொருள்படும் ருமா என்றோ சேர்த்து, அந்தக் கிளைக்கு வீட்டு டிஎன்எஸ் மட்டும் பதில் சொல்லும்படி செய்யுங்கள். முழு டொமைனையும் வீட்டுக்குள் வைத்தால், நாளை அதே பெயரில் வெளியே ஓர் இணையதளம் வைக்கும்போது வீட்டிலிருந்து மட்டும் அது திறக்காது, காரணமும் சட்டென்று பிடிபடாது.

ஆனால் சொந்த டொமைனுக்கு ஆள் வேண்டும். என் உறவினர் ஒருவர் குடும்பப் பெயரில் டொமைன் வாங்கி, வீட்டு நெட்வொர்க், குடும்ப மின்னஞ்சல் எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தார். கடன் அட்டை காலாவதியானது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அந்த டொமைனின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்தன. அவர் அப்போது மருத்துவமனையில் இருந்தார். திரும்பி வந்தபோது பெயர் வேறொருவர் கையில். வீட்டுக் கணினிகள் ஒவ்வொன்றாக அந்த அந்நியரின் சர்வரைத் தேடத் தொடங்கியிருந்தன. ஆகவே வாங்குவதானால் பல வருடத்துக்குச் சேர்த்தே கட்டுங்கள். தொடர்பு மின்னஞ்சலை வேறு இடத்தில் வையுங்கள். தம்பி தங்கச்சி ஒருவருக்காவது கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். இதற்கெல்லாம் ஆளில்லாத வீட்டுக்கு ஹோம் டாட் ஆர்ப்பாதான் மரியாதை. அதற்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை, யாரும் பறிக்கவும் முடியாது.

இனி கணினிகளின் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1990 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1178 என்று ஓர் ஆவணம் வந்தது, கணினிக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதே அதன் பொருள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அதில் பாதிக்கு மேல் இன்றும் செல்லும். அதன் அறிவுரைகளில் ஒன்று, பலவிதமாக எழுத்துக்கூட்டக்கூடிய சொல்லைப் பெயராக வைக்காதே என்பது. அதைப் படித்ததும் எனக்கு நம் மலேசியத் தமிழர் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. என் அத்தையின் பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, எல், இ, டி, சி, எச் என்று போகும். அவர் தங்கை மகளின் பத்திரத்தில் லட்சுமி, எல், ஏ, கே, எஸ், எச். ஒரே சாமியின் பெயர், ஒரே குடும்பம். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியும் பதிவு அலுவலரும் காதில் விழுந்தபடி எழுதியதை நாம் இன்றுவரை சுமக்கிறோம். பெயருக்கு அது வரலாறு. கணினிக்கு அது தினசரித் தொல்லை.

நாஸுக்குக் களஞ்சியம் என்று அழகாகப் பெயர் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். ளகரத்துக்கு ஒரு எல்லா இரண்டு எல்லா? ஞகரத்துக்கு என், ஜே-யா, என், ஒய்-யா? நீங்கள் ஒரு விதமாகத் தட்டுவீர்கள், அண்ணி இன்னொரு விதமாகத் தட்டுவார், அம்மா இரண்டு முறை முயன்றுவிட்டு டேப்லெட்டை மேசையில் வைத்துவிடுவார். ழகரம் வந்தால் இன்னும் மோசம், இசட் எச்சா, எல்லா, எல் எச்சா என்று சண்டை. நெடில் வந்தால் ஏ ஒன்றா இரண்டா. வீடு என்ற எளிய சொல்லையே மூன்று விதமாகத் தட்டலாம்.

ஆகவே நான் வீட்டில் வைத்திருக்கும் சோதனை இதுதான். பெயரை வாயால் மட்டும் சொல்லுங்கள், எழுதிக் காட்டாதீர்கள். வீட்டில் மூன்று பேரைத் தனித்தனியாகத் தட்டச் சொல்லுங்கள். மூன்று பேரும் ஒரே மாதிரித் தட்டினால் பெயர் தேறியது. தமிழில் தேறும் பெயர்கள் உண்டு. மலர், மயில், கிளி, மணி, முல்லை போன்றவை பெரும்பாலும் தேறிவிடும். பெரும்பாலும் குறில் எழுத்துகளாக, ழகரமும் ஞகரமும் இல்லாமல், இரண்டு மூன்று அசைக்குள் இருக்கும் சொற்கள் அவை. குறிஞ்சி, நெய்தல் இரண்டையும் மனதாரப் பிடித்தாலும் நான் வைப்பதில்லை.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தவை மலாய்ப் பழப் பெயர்கள். தமிழ்ப் பெயரை விட்டுவிட்டாரே என்று சிலர் வருத்தப்படலாம். மலாய் எழுத்துக்கூட்டு 1972இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. அதன்பின் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் ஒரு பழத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டுதான். டுரியான், ரம்புத்தான், நங்கா, டுக்கு, லங்சாட், ஜம்பு. பிள்ளைகளுக்கும் தெரியும், என் எழுபது வயது அம்மாவுக்கும் தெரியும். அவற்றிலும் சோதனை நடத்தித்தான் எடுத்தேன். மங்கீஸ் தோற்றது, நடுவில் ஜி இரண்டு முறை வருவதை யாரும் நினைவில் வைக்கவில்லை. செம்பெடாக்கும் தோற்றது. 1972க்கு முன் பள்ளி சென்ற மாமா சி, எச் என்று தொடங்கினார், நாங்கள் சி மட்டும் போட்டோம். நனாஸை நானே ஒதுக்கினேன், பக்கத்தில் நாஸ் என்றொன்று இருக்கும்போது அது குழப்பும்.

கருவிக்கு வைக்கும் பெயரையும் அது செய்யும் வேலைக்கு வைக்கும் பெயரையும் கலக்காதீர்கள். உங்கள் மினி கணினிக்குப் படம் என்றே பெயர் வைத்தீர்களானால், அடுத்த வருடம் படங்களை நாஸுக்கு மாற்றும்போது என்ன செய்வீர்கள்? கணினிக்கு டுரியான் என்று வையுங்கள், அது பழுதாகும் வரை டுரியான்தான். படம் என்பதை டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப்பெயராக, சீநேம் பதிவாக, டுரியானைக் காட்டும்படி வையுங்கள். நாளை வேலை இடம் மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். அம்மா தட்டுவது மாறாது. இதே காரணத்தால் மாடி, ஹால் என்று அறைப்பெயரையும் நகரக்கூடிய கருவிகளுக்கு வைக்காதீர்கள். சுவரில் திருகிய கேமராவுக்கு மட்டும் இடப்பெயர் பொருந்தும். கேட், பின்கதவு என்று வைத்தால் இரவில் நாய் குரைக்கும்போது எதைத் திறக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆட்களின் பெயரையும் தவிர்க்கச் சொல்வேன். கைப்பேசியும் மடிக்கணினியும் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லித்தான் முகவரி கேட்கும். இன்னாருடைய கணினி என்று பெயர் இருந்தால், விமான நிலையத்திலும் தங்கும் விடுதியிலும் அதை அங்கிருப்பவர்கள் பார்க்கலாம். வீட்டுப் பெண்பிள்ளைகளின் கருவிகளில் இதைக் கட்டாயம் மாற்றுங்கள். இந்த ஆபத்தைச் சொல்வதற்கென்றே 2017இல் ஆர்எஃப்சி 8117 வந்தது.

எழுத்து விதிகள் சுருக்கமாக. ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும். அடிக்கோடு கூடாது, இடைக்கோட்டில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. ஒரு பெயர் 63 எழுத்து வரை போகலாம், ஆனால் பழைய விண்டோஸ் பகிர்வு முறை 15க்கு மேல் வெட்டிவிடும். எட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தமிழ் எழுத்துக்கு வீட்டில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. டிஎன்எஸ்ஸுக்குத் தமிழ் புதிதல்ல. 2007 அக்டோபரில் ஐக்கான் சோதனைக்கு வைத்த பதினொரு உயர்நிலைப் பெயர்களில் ஒன்று தமிழில் பரிட்சை. இன்று இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் உயர்நிலைப் பெயர் உண்டு. மலேசியாவுக்கு, மலாயை எழுதும் அரபு வழி எழுத்தான ஜாவியில் இருக்கிறது. ஆனால் அவற்றின் அடியில் ஓடுவது பியூனிகோடு என்ற மாற்றெழுத்து. ரௌட்டரின் பட்டியலில் பெயர் எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கி வாசிக்க முடியாத சரமாகத் தெரியும். அதனால் கணினிப் பெயரில் வேண்டாம். பிரிண்டரின் காட்சிப்பெயரில், டிவியின் பெயரில், கேமரா செயலியில் தமிழைத் தாராளமாக வையுங்கள். எங்கள் பிரிண்டர் கைப்பேசியில் “மாடி பிரிண்டர்” என்று தமிழிலேயே தெரிகிறது. அந்தக் காட்சிப்பெயரின் எல்லை 63 பைட். தமிழில் ஓர் எழுத்துக்கும் அதன் மேல் ஏறும் குறிக்கும் தனித்தனியாக மூன்று பைட் ஆகும். வைஃபை பெயருக்கு எல்லை இன்னும் சிறியது, 32 பைட். “நம்ம வீடு” 25 பைட், அடங்கிவிடும். “முருகன் வீடு” 34 ஆகிறது, அடங்காது. தமிழில் வைஃபை பெயர் வைக்க முயன்று ரௌட்டர் ஏன் மறுக்கிறது என்று தெரியாமல் விட்டவர்கள் பலர், காரணம் இந்தக் கணக்குதான்.

வேலையை எப்படிச் செய்வது என்று மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இணைய இணைப்போடு வந்த ரௌட்டர்கள் பலவற்றில் சொந்தப் பெயர் எழுத இடமிருக்காது. உங்கள் மினி கணினியில் பைஹோல் அல்லது டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டு, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வேலையையும் அதனிடமே விடுங்கள், ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். டொமைனாக ஹோம் டாட் ஆர்ப்பாவைக் கொடுத்து, அது உள்ளூர்ப் பெயர் என்று குறித்துவிட்டால் அந்தக் கேள்விகள் வெளியே போகாது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் மேக் எண்ணுக்கு, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவி காட்டும் அடையாள எண்ணுக்கு, நிலையான முகவரி ஒதுக்குங்கள். கைப்பேசிகள் மேக் எண்ணை மாற்றிக்கொள்ளக்கூடியவை, அவற்றுக்குப் பெயர் தேவையுமில்லை. டிஎன்எஸ்மாஸ்க்கில் மாற்றுப்பெயர் வேலை செய்ய, அது காட்டும் மூலப்பெயர் அதே டிஎன்எஸ்மாஸ்க்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரு கைப்பேசியில் மட்டும் பெயர் திறக்கவில்லை என்றால், முதலில் ஆண்ட்ராய்டின் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். அடுத்து உலாவியின் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பு. இவை இரண்டும் வீட்டு சர்வரைத் தாண்டி நேராக வெளியே கேட்கக்கூடியவை, வெளியே உங்கள் டுரியானை யாருக்கும் தெரியாது. சொந்த டொமைனின் பெயருக்கு வெளி டிஎன்எஸ்ஸில் 192.168 என்று தொடங்கும் முகவரியை எழுதி வைத்தவர்களுக்கு இன்னொன்று: சில ரௌட்டர்கள் அப்படிப்பட்ட பதிலைத் தாக்குதல் என்று எண்ணித் தடுத்துவிடும். 2024 செப்டம்பரில் பொது டிஎன்எஸ் கேள்விகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சர்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்ற உத்தரவு நம் நாட்டில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது நினைவிருக்கும். வீட்டுக்குள் பதில் கிடைக்கும் பெயரை அப்படிப்பட்ட எந்த மாற்றமும் தொடாது.

அம்மாவின் டேப்லெட்டுக்கு வருவோம். கணினிகளில், டிஎச்சிபி கொடுக்கும் டொமைன் பெயர் தானாகச் சேர்வதால் படம் என்று மட்டும் தட்டினால் போதும். ஆனால் உலாவி அதைத் தேடுசொல் என்று நினைத்துக் கூகுளுக்குப் போய்விடும். கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் போகாது. இதையெல்லாம் அம்மாவிடம் எதிர்பார்க்க வேண்டாம். முழுப் பெயரோடு பக்கத்தை ஒருமுறை நீங்களே திறந்து, டேப்லெட்டின் முகப்பில் குறுக்குவழியாகச் சேர்த்து, அதற்குத் தமிழில் “பேரப்பிள்ளைகள்” என்று பெயர் வையுங்கள். ஐபி எண்ணை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள். எண் ஒருநாள் மாறும், அன்றைக்கு நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் வைப்பதாக இருந்தால்: மினி கணினி டுரியான், நாஸ் பெட்டி நங்கா, மடிக்கணினிகள் டுக்கு, ஜம்பு. கேமராக்களுக்கு அவை பார்க்கும் இடங்களின் பெயர். மாற்றுப்பெயர்களாகப் படம், சினிமா, பிரிண்ட் மூன்று. படம் என்பதற்கு பி, ஏ, டி, ஏ, எம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா என்று மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். நடுவில் எச் போடுகிறவர் ஒருவராவது இருந்தால் அதை விட்டுவிட்டு போட்டோ என்று வையுங்கள். பெயர், முகவரி, மேக் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது இணையம் நின்றால் அப்பாவுக்கு அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.